கொக்கு, ஆமை, ஆவுளியா: டெல்டாவில் இருப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

பறவைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த அமைப்பில் சேர்வது, எவ்வளவு நன்கொடை கொடுப்பது என்றுதான். இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காவிரி டெல்டாவில் கோடியக்கரை போல ஒன்றிரண்டு இடங்களை விட்டால் பறவைக்கென்று தனியாகக் காடு கிடையாது. மற்றதெல்லாம் நடவு வயல், பாசன ஏரி, உப்பளம், இறால் குட்டை, படகு கட்டும் கரை. நாம் பிழைக்கிற இடத்தில்தான் அவையும் பிழைக்கின்றன. அதனால் இங்கே பாதுகாப்பு என்பது லீவு நாளில் போய்ச் செய்யும் சேவையாக இருக்கமுடியாது. மருந்து போடும்போது, எலி பிடிக்கும்போது, வலை இழுக்கும்போது, ரோட்டோரம் கறி வாங்கும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி அடங்கியிருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு எது முதலில், எது பிறகு என்று ஒரு வரிசை வைத்து எழுதுகிறேன். வயல்காரர் கடல் பகுதியையும், கடலோரத்துக்காரர் வயல் பகுதியையும் தாண்டிப் போனால் தப்பில்லை.

முதலில் போன் நம்பர்கள்

அடிபட்ட நாரையைக் கையில் வைத்துக்கொண்டு கூகுளில் நம்பர் தேடுவது வீண் வேலை. இன்றைக்கே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தின் நம்பரை வாங்கி வைத்துவிடுங்கள். சீர்காழி, நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று எந்தச் சரகத்தில் உங்கள் ஊர் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது, நேரில் போய் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. போகும்போது சரகரின் நம்பரோடு, உங்கள் ஊர்ப் பக்கம் ரோந்து வரும் வனக்காவலரின் செல் நம்பரையும் கேட்டு வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்கு எடுக்கப்போவது அவர்தான். காரைக்கால் பக்கம் என்றால் புதுச்சேரி அரசின் வனத்துறை, அது தனி.

இவற்றோடு 112 எல்லோருக்கும் தெரியும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. நடுக்கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554. யாரும் எடுக்காவிட்டால் முதல்வரின் முகவரி என்று வைத்திருக்கிறார்களே, அந்த 1100-இல் புகாராகப் பதிந்துவிடுங்கள், ஒரு எண் கிடைக்கும், அதைச் சொல்லித் திரும்பக் கேட்கலாம்.

பிறகு உங்கள் ஊர்ப் பறவைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பைனாகுலர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. மடையான், உண்ணிக்கொக்கு, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், ஆட்காட்டி, கானாங்கோழி, மீன்கொத்தி, உள்ளான், ஆலா. இந்தப் பத்தை வெறுங்கண்ணால் அடையாளம் கண்டுகொண்டாலே டெல்டாவில் பாதிக் கதை புரிந்துவிடும். பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், புத்தகத்தில் இல்லாத பெயரெல்லாம் வரும்.

எங்கே பார்ப்பது என்றால், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர் ஏரி, திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி, அது 2024-இல் சேர்ந்தது. கோடியக்கரை 1967-இலிருந்தே சரணாலயம், முதலில் வெளிமானுக்காக அறிவித்தார்கள், 2002-இல் ராம்சார் தலமானது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மாசி வரைக்கும் நல்ல காலம். கோடியக்கரையிலும் வேதாரண்யம் சதுப்பிலும் பூநாரைகளும், எங்கோ வடக்கே சைபீரியாப் பக்கமிருந்து வரும் சின்னஞ்சிறு உள்ளான்களும் இருக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்பவானோடையிலிருந்து படகில் போகவேண்டும்.

கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் கரைவெட்டியும் பாசன ஏரிகள். ஜூன் 12-ஆம் தேதி வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து ஏரி நிரம்பினால்தான் நாரை கூடு கட்டும். திறப்பு தள்ளிப்போன வருஷம் குறுவைக்காரர் மட்டும் கவலைப்படுவதில்லை.

ரோட்டோரம் விற்கும் மடையான் கறி

இதைப் பலரும் எழுதத் தயங்குகிறார்கள், ஆனால் டெல்டாவில் ஒரு சாதாரண ஆள் இன்றைக்கே செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் இதுதான். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் நிற்கும்போது சாலையோரங்களில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட மடையானையும் கொக்கையும் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கும், இறக்கையைப் பின்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள், கழுத்தை மட்டும் மேலே தூக்கித் தூக்கிப் பார்க்கும். வலை விரித்தும் சுருக்குக் கண்ணி வைத்தும் பிடிக்கிறார்கள். சில இடங்களில் பழக்கிய ஒரு கொக்கின் கண்ணிமையைத் தைத்து வயலில் கட்டிவைத்து, அதைப் பார்த்து இறங்கும் கூட்டத்தைப் பிடிப்பதும் உண்டு. இன்னும் மோசம், பூச்சிக்குப் போடும் குருணை மருந்தை மீனிலோ நெல்லிலோ கலந்து வைப்பது. அப்படிச் செத்த பறவையின் குடலில் மருந்து அப்படியே இருக்கும், அதைத்தான் சளிக்கு நல்லது, ஆஸ்துமாவுக்கு நல்லது என்று வாங்கிக்கொண்டு போய்க் குழந்தைக்கு ரசம் வைக்கிறோம். நல்லது என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் கிடையாது.

சட்டத்தைப் பொறுத்தவரை 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடலாமை, ஆவுளியா என்கிற கடல் பசு போன்று, மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பவற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு வரை. கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் இதே சட்டத்தில்தான் வருகிறது, எத்தனை வீட்டுத் திண்ணையில் அது தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

என்ன செய்யலாம்? வாங்காதீர்கள், அது முதல். "பாவம், விட்டுவிடலாம்" என்று காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதும் வேண்டாம், விற்பவருக்கு அதுவும் ஒரு வியாபாரம்தான், நாளைக்கு இன்னும் இரண்டு கூடப் பிடிப்பார். அங்கேயே நின்று சண்டை போடவும் வேண்டாம். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் வண்டியை நிறுத்தி, இடம், நேரம், எத்தனை பறவை என்பதை வனத்துறைக்கு போனில் சொல்லுங்கள், வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்புங்கள். விற்கிறவர் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. தெருவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வேறு பிழைப்பில்லாத ஆள், கார் நிறுத்தி வாங்குகிற நம்மைப் போன்றவர்கள்தான் அந்தச் சந்தையை நடத்துகிறோம். வீட்டில் வாங்கி வருகிறவர் மாமாவோ சித்தப்பாவோ என்றால் சட்டம் பேசாமல் குருணை மருந்தைப் பற்றிப் பேசுங்கள், அது வேலை செய்யும்.

வயலில்

எலிதான் ஆரம்பம். எலிக்கு விஷம் வைத்தால் செத்துக்கொண்டிருக்கும் எலியைக் கூகை தின்னும், பருந்து தின்னும், அவையும் போய்ச்சேரும், அடுத்த போகத்தில் எலி இன்னும் கூடும். நம்மிடம் தஞ்சாவூர் கிட்டி என்று ஒன்று இருக்கிறது, மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிச் செய்வது. கிட்டி வைக்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருத்தராவது இன்னும் இருப்பார், அவருக்குக் கூலி கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அதோடு வயலுக்குள் ஆங்காங்கே 'டி' வடிவத்தில் குச்சி நட்டுவிடுங்கள். வேளாண் துறையே பரிந்துரைப்பது இது. பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், ராத்திரி கூகை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடித்த பிறகு சிட்டுகள் உட்கார்ந்து நெல்லைத் தின்னும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது நியாயம், அந்தச் சமயத்தில் பிடுங்கிவிடலாம். ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெறிகிற பிள்ளைகளுக்கு, அது தின்கிற எலியைக் காட்டினால் போதும்.

நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கினால் நாற்றை மிதிக்கிறது என்று விரட்டுவார்கள். அதன் அலகை ஒரு முறை கிட்டத்தில் பாருங்கள், மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும், நத்தையைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது. நடவு முடிந்த சில நாள் மட்டும் விரட்டிக்கொள்ளுங்கள், வேர் பிடித்த பிறகு விட்டுவிடுங்கள்.

சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்த பிறகு கோடை உழவு வருகிறதே, அப்போதுதான் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கும். கூடு என்று ஒன்றும் இருக்காது, மண்கட்டிகளுக்கு நடுவே சின்னப் பள்ளம், அதில் மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. பக்கத்தில் போனாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும், கத்துகிற இடத்தில் முட்டை இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். டிராக்டர் ஓட்டும் தம்பியிடம் முதலிலேயே சொல்லிவைத்து, முட்டையிலிருந்து நாலைந்து அடி தள்ளி இரண்டு பக்கமும் குச்சி நட்டு, அந்த ஒரு திட்டை மட்டும் விட்டு உழச் சொல்லுங்கள். குச்சியை முட்டைக்குப் பக்கத்திலேயே நட்டால் காக்காய்க்கு வழி காட்டியதாகிவிடும். வாய்க்கால் கரைப் புதரைக் கொளுத்துவதும் இதே கணக்கில்தான். கானாங்கோழி அதற்குள்தான் குஞ்சு வைத்திருக்கும். வெட்டுவது அவசியமென்றால் ஒரு பக்கக் கரையை வெட்டி மறு பக்கத்தை அடுத்த மாதத்துக்கு விடலாம்.

அடிபட்ட பறவை கிடைத்தால்

முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். உண்மையிலேயே அடிபட்டிருக்கிறதா, இல்லை பறக்கக் கற்றுக்கொள்ளும் குஞ்சா? இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால், பூனை நாய் எட்டாத கிளையில் வைத்துவிட்டு நகருங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

நிஜமாகவே அடிபட்டிருந்தால்:

1. ஒரு துண்டை மேலே போட்டுத் தலையை மூடுங்கள். கண் மறைந்தால் பாதி அமைதியாகிவிடும். கொக்கு, நாரை, மடையான் எல்லாம் நேரே கண்ணைக் குறிவைத்துக் குத்தும், அதனால் முகத்துக்கு நேராகத் தூக்கவே கூடாது. தலையைப் பிடித்த கை கடைசி வரைக்கும் விடக்கூடாது. கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

2. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, நிழலான சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், முட்டி மோதி இறக்கையை இன்னும் ஒடித்துக்கொள்ளும்.

3. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நல்லெண்ணத்தில் நடக்கும் கொலை அது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் தண்ணீர் நேராக உள்ளே போய்விடும். சோறு, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம்.

4. தூண்டில் முள் மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள், வெளியே தெரிகிற தங்கூசி நரம்பை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு அப்படியே ஒப்படையுங்கள். காலில் நரம்பு சுற்றி இறுகியிருந்தால் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டவேண்டும். அவசரப்பட்டு உருவினால் தோல் கூடவே வரும்.

5. வனத்துறைக்கு போன். அவர்கள் வரத் தாமதமானால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் கொண்டுபோகிறோம் என்று வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், வழியில் யாராவது கேட்டால் பிரச்சினை இருக்காது.

ஒரே இடத்தில் நிறையப் பறவைகள் செத்துக் கிடந்தால் கதையே வேறு. விஷமாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தொடாதீர்கள், நாயையும் பிள்ளைகளையும் தள்ளி வையுங்கள், வனத்துறையோடு கால்நடை பராமரிப்புத் துறைக்கும் சொல்லுங்கள்.

செத்த பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால், அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். கோடியக்கரையில் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறது. எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு வலசை போகிறது என்பதெல்லாம் இப்படி யாரோ ஒருவர் கண்டு சொன்ன எண்ணிலிருந்துதான் தெரியவந்தது.

கடற்கரையில்: ஆமைக் காலம்

தையிலிருந்து பங்குனி, சித்திரை வரை நம் கரையில் ஆமை முட்டையிடும். பங்குனி ஆமை என்று கடலோரத்தில் சொல்வது இதைத்தான். பழையாறிலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை வரைக்கும் மணல் இருக்கிற இடமெல்லாம் வாய்ப்பு உண்டு. கூழையார், கோடியக்கரை போன்ற இடங்களில் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

விடியற்காலையில் நடக்கப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் உங்களால் நிறைய ஆகும். அலை ஏறுகிற இடத்திலிருந்து மேட்டு மணலுக்கு டிராக்டர் டயர் ஓடினது போல இரண்டரை அடி அகலத்தில் ஒரு தடம் போய், திரும்பி இன்னொரு தடம் கடலுக்கு வந்திருந்தால், ஆமை ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்கிற இடத்தில் மணல் கலைந்து, பிறகு அழுத்தி மூடியது போலத் தெரியும். அதற்குக் கீழே ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல் இருக்கலாம். தோண்டாதீர்கள். முட்டை இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு அதைப் புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகும், எடுத்து மாற்றுவது பழகியவர்கள் வேலை. லொகேஷனைக் குறித்து, போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை நாயை விரட்டிக்கொண்டு அங்கேயே இருங்கள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டால் தடத்தைக் காலால் அழித்துவிடுவது நல்லது, முட்டைத் திருடனுக்கும் அந்தத் தடம்தான் வழி.

இரவில் ஆமை ஏறுவதைப் பார்க்க நேர்ந்தால் டார்ச், செல்போன் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதன் பின்பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளுக்கு இன்னும் மோசம். வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பி, ரிசார்ட் விளக்கையும் ஹைமாஸ்ட் விளக்கையும் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். கடற்கரையில் வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த விளக்கை இரவு பத்து மணிக்கு மேல் அணைத்தால் போதும், அதற்குக் காசும் மிச்சம். வழி தவறிய குஞ்சுகளைக் கண்டால் தண்ணீர் வாளியில் போடாதீர்கள், நீந்தி நீந்தித் தெம்பு தீர்ந்துவிடும். ஈர மணல் போட்ட வாளியில் வைத்து ஈரத் துணியால் மூடி வனத்துறையிடம் கொடுங்கள். வெயிலில் மணலில் விடுவதும், கையில் எடுத்துக் கடலுக்குள் எறிவதும் வேண்டாம்.

வலையில் மாட்டினால்

இது கடலுக்குப் போகிற அண்ணன்மாருக்கு. ஆமைக்கு நுரையீரல், ஓங்கில் என்கிற டால்பினுக்கு நுரையீரல், ஆவுளியாவுக்கும் நுரையீரல். தண்ணீருக்குள் மாட்டினால் மூச்சு முட்டித்தான் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது எல்லோரும் கை காட்டியது இழுவலையைத்தான். கரையை ஒட்டி இழுவை போடுவதற்கு ஏற்கெனவே தடை உண்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது, ஆனால் ஆமை கரையேறுவது பெரும்பாலும் அதற்கு முன்னால். சட்டத்தை நான் சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய ஆட்கள் இல்லை நீங்கள். சின்ன விஷயம் ஒன்றைத்தான் சொல்லவேண்டும்: வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் போடாதீர்கள். மயக்கத்தில் இருக்கும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை அரை அடி உயரத்துக்கு ஏதாவது அண்டக் கொடுத்துத் தூக்கிவையுங்கள், நுரையீரலில் போன தண்ணீர் வாய்வழியே வடியும். மேலே ஈரச்சாக்கு, நிழல். சில மணி நேரம், சிலசமயம் ஒரு நாள்கூட ஆகும். அசைய ஆரம்பித்ததும் இன்ஜினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்குங்கள். மல்லாக்கப் போடவே கூடாது.

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு ஆவுளியா தெரியும், கடல் பசு என்றும் சொல்வார்கள். கடற்புல் தின்று வாழ்கிற சாதுப் பிராணி. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியாப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, இந்தியாவில் அதுதான் முதல். மாட்டினால் வலையை அறுத்து விடுவது தவிர வழியில்லை, அது நஷ்டம்தான். ஆனால் அப்படி விட்டவர்களை வனத்துறை அழைத்து வெகுமதி கொடுத்திருக்கிறது. அதனால் விடுவதை ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுத்துவைக்கட்டும், கரைக்கு வந்ததும் வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் தகவல் கொடுங்கள், கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். கிழிந்த வலையைக் கடலில் விட்டுவராமல் கரைக்குக் கொண்டுவருவதும் இதில் சேர்ந்தது. அறுந்த வலை ஆளில்லாமலே பல மாதம் மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும்.

கரை ஒதுங்கிய ஓங்கில் உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். நிமிர்த்திப் படுக்கவைத்து, தலைமேல் இருக்கும் மூச்சுத் துவாரத்தில் மணலோ தண்ணீரோ போகாமல் பார்த்துக்கொண்டு, உடம்பில் ஈரத்துணி போட்டு, ஆள் வரும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். செல்ஃபி எடுக்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் அங்கே உண்மையான வேலை.

நல்லது செய்யப்போய் கெடுப்பது

மரம் நடுவது எல்லா இடத்திலும் நல்லதில்லை. வெறும் சேறாகக் கிடக்கிற இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை பரபரக்கும், ஆனால் உள்ளானுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டுத் தட்டம், அதில் அலையாத்தி நட்டால் அதற்கு இடம் போச்சு. ஆமை ஏறும் மணலில் அலை வரைக்கும் சவுக்கு நடுவதும் அப்படியே. ஏரியைத் தூர்வாருகிறேன் என்று ஒரே ஆழமாக வெட்டினால் கொக்குக்கும் நாரைக்கும் நிற்க இடமில்லை, அவற்றுக்கு முழங்கால் தண்ணீர்தான் வேண்டும், அதனால் ஓரச் சரிவை விட்டு வெட்டச் சொல்லவேண்டும். சீமைக்கருவேலத்தை அழிக்கவேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை, ஆனால் ஏரிக்குள் நிற்கிற மரத்தில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குஞ்சு பறந்த பிறகு வெட்டுங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்ததில் வேதாரண்யம் முதல் பேராவூரணி வரை கூடு கட்டுகிற பெரிய மரங்கள் எத்தனையோ போய்விட்டன, இருக்கிறதை அவசரப்பட்டு வெட்டக்கூடாது.

போட்டோ எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டின் மேல் டிரோன் பறக்கவிடாதீர்கள், கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்பிப் படமெடுக்காதீர்கள், கூடு இருக்கிற இடத்தின் லொகேஷனைப் படத்தோடு போடாதீர்கள். தீபாவளிக்கு ஏரிக்கரைத் தெருக்களில் வெடி வேண்டாம் என்று ஊர்க்கட்டுப்பாடு போட முடியுமா என்றால், முடியும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகப் பல வருஷமாக வெடிப்பதில்லை.

எண்ணுங்கள், எழுதுங்கள், கேளுங்கள்

2015-இலிருந்து பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே வேண்டுமானாலும் ஒரு பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இபேர்ட் செயலியில் பதிவதுதான் வேலை. மொட்டைமாடி, வயல்வரப்பு, குளத்தங்கரை எதுவும் சரி. பெயர் தெரியாததை விட்டுவிடலாம், ஊகித்து எழுதக்கூடாது. பொங்கலோடு நிறுத்தாமல் ஒரே குளத்தை மாதம் ஒருமுறை எண்ணினால் இன்னும் நல்லது. குளத்தில் ஆக்கிரமிப்போ இறால் குட்டைக் கழிவோ வந்த பிறகு, "முன்னால் இவ்வளவு பறவை இருந்தது" என்று காட்ட உங்கள் கையில் தேதி போட்ட பட்டியல் இருக்கும்.

அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. "பறவையைக் காப்பாற்றவேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் குளம், எந்த மாதம், என்ன செய்யக்கூடாது என்று மூன்று வரியில் எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மனுவோடு படம், லொகேஷன், பறவைப் பட்டியல், கிராம சபைத் தீர்மான நகல் நான்கையும் இணைத்து, கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, என் மனு எந்த அலுவலர் மேசையில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாகவேண்டும்.